முதலாம் கியரைப் பிடித்த கை

எங்கள் காரில் முன் ஆசனம் எனக்குத்தான். ஊரில் அதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உண்டு. வாடகைக் கார்க்காரனின் பெண்சாதி என்றால் இப்படித்தான், மகாராணி மாதிரி முன்னுக்கு ஏறிக்கொள்கிறாள், காசு கொடுத்து வருகிறவன் பின்னால் நெரிபடுகிறான் என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். என் வலது கை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. அது கியர்த் தடியில் இருந்தது. ஏற்றம் வந்தால் அந்தத் தடியை என் பக்கம் இழுத்து, முன்னுக்குத் தள்ளி, அப்படியே அழுத்திப் பிடித்திருப்பது என் வேலை. கையை எடுத்தால் முதலாம் கியர் பாய்ந்து கழன்றுவிடும். கார் பின்னால் உருளும். பின்னால் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்.

அந்த ஆசனத்தில் இருந்தபடிதான் என் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தேன். அந்தக் கதையைக் கேட்கிறவர்கள் காய்ச்சலைப் பற்றிக் கேட்பார்கள், டொக்டரைப் பற்றிக் கேட்பார்கள், மழையைப் பற்றிக் கேட்பார்கள். கியரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ கியரை விட்டுவிட்டு அதைச் சொல்லத் தெரியாது.

நாங்கள் இருந்தது மூதூரில். திருகோணமலைப் பட்டினம் குடாவுக்கு அந்தப் பக்கம். கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களில் எல்லாரும் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் போய் அதிலேயே வருவார்கள். வாடைக் காற்று தொடங்கிக் கடல் பொங்கினால் லோஞ்ச் ஓடாது, தரை வழிதான். தரை வழியில் இறால்குழி, கங்கை என்று நாங்கள் சொல்கிற பெரிய ஆறு, உப்பாறு, கிண்ணியா என்று நாலு இடத்தில் தண்ணீர் குறுக்கே நிற்கும். அந்த நாளில் பாலம் ஒன்றும் இல்லை. பலகைத் தளம் போட்ட மிதவையில் காரை ஏற்றி, ஆட்கள் இழுத்துக் கொண்டுபோய் அக்கரையில் விடுவார்கள். அந்த மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். பாதையில் ஏறுவதும் ஏற்றம், இறங்கிக் கரையில் ஏறுவதும் ஏற்றம். பட்டினம் போய் வந்தால் என் தோள்மூட்டு கழன்று கையில் வந்துவிடும் போலிருக்கும்.

கார் கறுப்பு நிறம். கடற்படைத் தளத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்று, நாலைந்து கை மாறி எங்களிடம் வந்தது. ஒரு கதவைச் சாத்தினால் மற்றக் கதவு திறந்துகொள்ளும். ஆனால் எஞ்சினில் குறை சொல்ல முடியாது. காலையில் கைப்பிடியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். என் கணவர் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். என்னை அப்படித் தட்டிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

முதன்முதலில் கியர் பாய்ந்தது கங்கைத் துறையில், ஒரு கலியாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு கரையேறும்போது. பாதைக்காரர்கள் ஓடி வந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டதால் பட்டுச்சேலைகள் தப்பின. அதற்குப் பிறகு என் கணவர் முழங்காலால் தடியை அழுத்திப் பார்த்தார். கிளச்சுக்கும் பிரேக்குக்கும் பெற்றோலுக்குமே கால் போதாமல் இருக்கிறது, இதற்கு எங்கே போவது? பிறகு தடிக்கும் ஆசனத்துக்கும் நடுவில் பாலைக் கட்டை ஒன்றைச் செருகினார். அடுத்த ஏற்றத்தில் அந்தக் கட்டை துள்ளிப் பின்னால் இருந்த மரக்கறி வியாபாரியின் நெற்றியைப் பதம் பார்த்தது.

அந்த ரோட்டில் ஓடிய பழைய கார்களுக்கு இதெல்லாம் புதினம் இல்லை. வெளிநாட்டுச் சாமான் வராமல் நின்ற காலம். சாப்பிடுகிற பாணுக்கே வரிசையில் நிற்கும்போது கார்ச் சாமானுக்கு எங்கே போவது. கியர் பாய்கிற கார் என்றால் முன்னுக்கு ஏறுகிறவர் தடியைப் பிடிக்க வேண்டும், அது எங்கள் ரோட்டு வழமை. "முன் சீற் வேணுமெண்டா கியரப் பிடி" என்று சாரதிகள் பச்சையாகவே சொல்வார்கள். எங்கள் காரிலும் முதலில் ஏறுகிறவர்கள்தான் பிடித்தார்கள். ஒரு நாள் வாத்தியார் ஒருவர் பிடித்தார். உப்பாற்றுக் கரையில் பாதி ஏற்றத்தில் அவருக்குத் தும்மல் வந்தது. மரியாதையான மனிதர், வாயைப் பொத்திக்கொள்ளக் கையை எடுத்தார். பின்சக்கரம் இரண்டும் ஆற்றுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீர் பின் ஆசனம் வரை வந்துவிட்டது. அன்றிலிருந்து தடி என் கைக்கு வந்தது.

நான் தும்ம மாட்டேன் என்பதல்ல. என் கணவருடைய கால் கிளச்சில் எப்போது எழும்பும், எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியும். கையைக் கொடுக்க வேண்டிய நேரமும் எடுக்க வேண்டிய நேரமும் சொல்லாமலே விளங்கும். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் தோல் தடித்துக் காய்த்துவிட்டது. குசினியில் அம்மியைப் பிடித்தால்கூட அந்த இடம் தனியாகத் தெரியும். கிண்ணியாத் துறையில் பாதை இழுக்கிறவர்கள் எனக்குக் "கியர் அக்கா" என்று பேர் வைத்துவிட்டார்கள். "மனுசியக் கியரில கட்டி வச்சிருக்கிறீங்க, பின்ன எப்பிடி ஓடிப்போவா" என்று அவரைச் சீண்டுவார்கள். அவருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது.

என் மூத்த மகனுக்கு இது விளையாட்டாகிவிட்டது. கிணற்றடியில் தேய்ந்துபோன டயர் ஒன்று கிடந்தது. அதற்குள் குந்திக்கொண்டு, பக்கத்தில் ஒரு பூவரசங் கம்பை நட்டுவிட்டு, ஊரெல்லாம் கேட்க எஞ்சின் சத்தம் போடுவான். ஏற்றம் வந்ததும், "அம்மா, பிடி!" என்று கத்துவான். அரிசி களைந்த கையோடு ஓடிப்போய் அந்தக் கம்பைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாக மண்ணில் புரண்டு அழுவான்.

காரைத் திருத்தாமல் விட்டோம் என்று நினைக்க வேண்டாம். பட்டினத்தில் துறைமுகப் பக்கம் ஒரு கராஜ் இருந்தது. அதன் பாஸ் முன்பு துறைமுகத்துக்குள் வேலை பார்த்த கெட்டிக்காரர். கைவேலைக்காரரைப் பாஸ் என்றுதான் எங்களூரில் மரியாதையாகச் சொல்வது. முதற் தடவை கியர்ப் பெட்டியின் மேல் மூடியைக் கழற்றி, கியரைத் தடுத்து நிறுத்துகிற சின்னச் சுருள்வில் தளர்ந்துவிட்டது என்று வேறு வில் போட்டார். பிறகு பெட்டியையே கீழே இறக்கி, தேய்ந்த புஷ் ஒன்றுக்குப் பதிலாகப் பழைய கப்பற் பித்தளையில் புதிதாகக் கடைந்து போட்டார். வேலை சுத்தம். கடற்கரை ரோட்டில் ஓட்டிக் காட்டினார், பாயவில்லை. உவர்மலையில் ஏற்றிக் காட்டினார். ஆளில்லாத கார், இரண்டாம் கியரிலேயே ஏறிவிட்டது. நாங்கள் சந்தோசமாகத் திரும்பி வந்தோம். கிண்ணியாத் துறையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு முதலாம் கியரில் ஏறினோம், பாய்ந்தது.

அடுத்த தடவை போனபோது பாஸ் கேட்டார். "எப்ப பாயுது? எஞ்சின் இழுக்கேக்கயா, கால விடேக்கயா?"

கேள்வி எங்கள் இருவருக்கும் பொதுவாக வந்தது. தடியைப் பிடிக்கிறவள் நான் என்பதால் நான் சொன்னேன். "இழுக்கேக்கதான். ஆனா பாயிறதுக்கு முதல் தடி நடக்குது."

"நடக்குதெண்டா?"

"தடி முழுசா மேல வந்து ஒரு பக்கம் சரியுது. பிறகுதான் கழருது. பிடிச்சிருக்கிற எனக்குத் தெரியும்தானே."

பாஸ் என் கணவரின் முகத்தைப் பார்த்தார். "கை களைச்சா அப்பிடித்தான் இருக்கும். தங்கச்சிக்கு நெய் சோறு குடுங்க" என்று சிரித்தார். என் கணவரும் சிரித்தார். பிறகு இருவரும் பல்லுச் சக்கரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். உப்புத் தண்ணீர் போன பெட்டி, உள்ளே அரித்திருக்கும், வேறு பெட்டி கிடைத்தால்தான் விடிவு என்று முடிவாயிற்று. வேறு பெட்டி எங்கே கிடைக்கும்? நான் காருக்குள் போய் இருந்துகொண்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தடியைப் பிடுங்கி இரண்டு பேரின் தலையிலும் போட்டிருப்பேன்.

அந்த வருட வாடையில்தான் என் மகனுக்கு நோய் வந்தது. சளித் தடிமன் என்று தொடங்கியது நெஞ்சில் இறங்கி, விடியும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வர மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்துவந்த டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், முகம் மாறிவிட்டது. "இது என்ட கையில நிக்காது தங்கச்சி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மத்தியானத்துக்கு முதல் சேத்திடுங்க" என்றார். லோஞ்ச் ஓடாத நாள். ஆனால் எங்களிடம் கார் இருந்தது. ஊரில் எத்தனையோ பேரின் பிள்ளைகளை அந்தக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். அந்த நினைப்பு எனக்குத் தைரியமாக இருந்தது.

பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவ என்னைக் கேட்காமலே வந்து பின் ஆசனத்தில் ஏறிப் பிள்ளைக்குக் கையை நீட்டினா. நான் கொடுத்தேன். 'ராத்தா, நீங்க முன்னுக்கு வந்து தடியப் பிடிங்க, நான் பிள்ளைய வச்சிருக்கிறன்' என்று வாய் வரை வந்தது. அவ ஒரு நாளும் அந்தத் தடியைத் தொட்டதில்லை. வாத்தியாரின் தும்மல் நினைவுக்கு வந்தது. கார் தண்ணீருக்குள் இறங்கினால் பிள்ளையும் இறங்கும். நான் முன்னுக்கு ஏறினேன்.

இறால்குழியில் பாதை மிதக்கிறபோது இறங்கிப் பின் கதவடிக்கு ஓடினேன். படுக்க வைத்தால் மூச்சு அடைத்தது. ராத்தா தோளில் நிமிர்த்திப் பிடித்திருந்ததால் கொஞ்சம் போய் வந்தது. தூக்கப் போனேன். அசைத்ததும் உதடு நீலமாகிக் கண் மேலே போனது. "வேணாம் தங்கச்சி, அசைக்காத. இப்பிடியே இருக்கட்டும்" என்றா ராத்தா. அவனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். கங்கையிலும் அப்படித்தான். கங்கைக்கும் உப்பாற்றுக்கும் நடுவில் ரோடு என்று பேருக்குத்தான் இருந்தது, முழங்கால் சேறு. அந்தத் தூரம் முழுக்க முதலாம் கியர்தான். என் கை தடியை விட்டு எழும்பவில்லை. பின்னாலிருந்து, "அம்மா, தூக்கு" என்று அவன் முனகினான். "வாறன் ராசா, வாறன்" என்று கண்ணாடிக்கு முன்னால் இருந்த மழையைப் பார்த்துச் சொன்னேன்.

கிண்ணியாத் துறையில் பாதை அக்கரையில் நின்றது. என் கணவர் தண்ணீர் விளிம்பில் நின்று கத்தினார். கியர் அக்காவின் பிள்ளைக்குச் சுகமில்லை என்று தெரிந்ததும் ஏறியிருந்த மாட்டு வண்டியை இறக்கிவிட்டு வெறும் பாதையோடு வந்தார்கள். அந்த மனிதர்களை நான் மறக்க மாட்டேன். நடு ஆற்றில் பின் கதவைத் திறந்து அவன் முகத்தைத் துடைத்தேன். கண் திறந்து என்னை நன்றாகப் பார்த்தான்.

"அம்மா, தூக்கு."

"அந்தக் கர ஏறினதும் அம்மா தூக்குவன். இந்த ஏத்தம் மட்டும்தான் ராசா. கொஞ்சம் பொறு."

பொய் சொல்லவில்லை. கிண்ணியாவைக் கடந்தால் பிறகு பாதை இல்லை, துறை இல்லை, பட்டினம் வரை மேல் கியரிலேயே ஓடலாம். அந்தத் தூரம் முழுவதும் அவன் என் மடியில்தான் என்று எனக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

மழைக்குக் கரை வழுக்கியது. சக்கரம் சுற்றிச் சுற்றிப் பிடித்தது. தடி எழும்பத் தொடங்கியது. ஒரு கை போதாமல் இரண்டு கையையும் கொடுத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டேன். பின்னால், "அம்மா" என்று ஒரு தரம் கேட்டது. திரும்பினால் தோள் இளகும், தோள் இளகினால் கியர் பாயும். நான் திரும்பவில்லை. கார் கரையேறியது. அவர் கியரை மாற்றினார். நான் தடியை விட்டுவிட்டு ஆசனத்தில் முழங்காலிட்டுப் பின்னால் கையை நீட்டினேன்.

ராத்தா கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தா. பிள்ளையைத் தந்தா. உடம்பு சூடாகத்தான் இருந்தது. மூச்சு இல்லை.

நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சேற்றில் காரை நிறுத்தியிருப்பார், நிறுத்தி என்ன செய்வது? "மூச்சு விடுறானா?" என்று ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஓடுங்க" என்றேன். ஓடினார். அவர் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. சொன்னபடி பட்டினம் வரை அவன் என் மடியில் இருந்தான்.

அதற்குப் பிறகு அவர் காரைத் தொடவில்லை. கிடுகுக் கொட்டிலுக்குள் நின்ற காருக்குள் கோழி முட்டையிட்டது. ஊரில் வந்து கேட்டவர்களுக்கு, கியர்ப் பெட்டி செத்துப்போச்சு, ஓட ஏலாது என்றே சொன்னார். மாதங்கள் போய், வெயில் காலத்தில் தோப்பூரிலிருந்து ஒருவர் விலை பேச வந்தார். டிராக்டர் வைத்து வயல் உழுகிறவர், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றே என் கணவர் அவரைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. கியர் பாயும் என்று என் கணவர் மறைக்காமல் சொன்னார்.

"எங்க, பாப்பம். தம்பி ஏறுங்க. பிறேக்க ரெண்டையும் அமத்திக்கொண்டு ஒண்டாம் கியரப் போட்டுக் கிளச்ச மெல்ல விடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்தவர் பொனற்றைத் திறந்து தலையை நீட்டினார்.

கார் முன்னுக்குப் போக முக்கியது. போகவில்லை. எஞ்சின் மட்டும் ஒரு பக்கமாக எழும்பிச் சரிந்தது. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். இரும்புப் பாரம் முழுவதும், படுத்த மாடு எழும்புவது போல எழும்பியது. காருக்குள் தடியும் அதோடு எழும்பிச் சரிந்து, அது வெளியே வருகிற தரை ஓட்டையின் விளிம்பில் முட்டி, டக்கென்று கழன்றது.

"யா அல்லாஹ்!" என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கியர்ப் பெட்டிக்கு ஒண்டும் இல்ல தம்பி. எஞ்சினத் தாங்கிற றப்பர் இரும்ப விட்டுப்போய்த்து. பாத்தா முழுசாத்தான் தெரியும், இழுக்கேக்கதான் எழும்பும். தடி நடக்குமே, உங்களுக்கு விளங்கல்லையா?"

என் கணவர் எஞ்சினை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த மனிதர் நல்லவர். அங்கேயே ஜாக்கியைப் போட்டு எஞ்சினைத் தூக்கி நிறுத்தினார். ஏதாவது பழைய டயர் கிடக்கிறதா என்று தானே முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். நான் குசினி வாசலிலேயே நின்றேன். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, கிணற்றடி டயரில் உள்ளங்கையளவு இரண்டு துண்டு வெட்டினார், ஓட்டை போட்டார், ஆணியை முறுக்கினார். நான் அடுப்பில் வைத்த சோறு வேகுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இருவரும் துறையில் ஏற்றிப் பார்க்கப் போனார்கள்.

என் கணவர் நடந்து திரும்பி வந்தார். காரை விற்றாகிவிட்டது. குசினி வாசற்படியில் குந்தினார். "நான் உன்ட சீற்றில இருந்தன்" என்றார். "நிறைச்ச நெல்லு மூட்டையோட ஏத்தினார். தடி அசையவே இல்ல. பிடிக்கக் கை போனது. நானா சிரிச்சார், சும்மா இருங்க தம்பி எண்டு. கைய மடியில வச்சுக்கொண்டு சும்மா இருந்தன்." பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். செத்த வீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை.

நான் கிணற்றடிக்குப் போனேன். பூவரசங் கம்பு நட்ட இடத்தில் துளிர்த்திருந்தது. பக்கத்தில் டயர், இரண்டு துண்டு வெட்டின இடம் கறுப்பாகப் புதிதாக இருந்தது. அவ்வளவு நாளும் அது அங்கேதான் கிடந்தது. என் பிள்ளை அதற்குள்ளேதான் குந்தியிருந்து காரோட்டினான். உள்ளங்கையளவு டயர். 'பொறு ராசா' என்று அவனுக்கு நான் சொன்னது அதற்காகத்தான்.